நூற்றுக்கு நூறு சொந்தச் சரக்கு

என் மனைவி ஒரு வலைப்பூ எழுதுகிறாள். பெயர் ‘போகாத கறை’. ஏதோ காதல் தோல்விக் கவிதை என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் உண்டு. வந்த வேகத்திலேயே திரும்பியும் போயிருக்கிறார்கள். அங்கே இருப்பதெல்லாம் நிஜக் கறைகள்: பேனா மை, கிரீஸ், பெயின்ட், இரத்தம், சட்டைக் காலரில் ஏறும் வியர்வை மஞ்சள்.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. கறை பிடித்த விரிப்பெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பிழைப்புக்காகத் தினமும் அடுத்தவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவன். எழுத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

அவள் எழுதும் முறையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். எந்தக் கறையைப் பற்றி எழுதினாலும் அந்தக் கறையை முதலில் அவளே உண்டாக்குவாள். அதற்கு வெள்ளைத் துணி வேண்டும். என் சட்டை அலமாரி இருக்கவே இருக்கிறது. ஒரு சட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து, எல்லாவற்றிலும் மையைக் கொட்டி, காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் துவைத்து, பால்கனிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பாள். வெளுத்த துண்டு, வெளுக்காத துண்டு எல்லாமே படத்தில் இருக்கும். ‘மூன்று முறை முயன்றேன். போகவில்லை. சட்டைக்கு என் அனுதாபங்கள்’ என்று முடியும் பதிவுகளே அதிகம். சட்டைக்குச் சொந்தக்காரனுக்கு அனுதாபம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வாசகர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் தன்னை ‘மூணாம் மாடி’ என்று சொல்லிக்கொள்வார். இதே ஊர்தான் என்று ஒருமுறை எழுதியிருந்தார், பேர், விலாசம் தெரியாது. வலைப்பூ தொடங்கிய வாரத்திலிருந்து இருக்கிறார். அவள் எழுதியதைத் தன் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்வார். ‘மூணாம் மாடி ரிப்போர்ட்: கிரீஸ் போயிடுச்சு.’ ‘மூணாம் மாடி ரிப்போர்ட்: போகல, பூனை அது மேல படுத்துடுச்சு.’ ஒருமுறை, சாயங்காலம் மட்டும் தன் வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பாகிறது, காலையில் பார்த்தால் சரியாகிவிடுகிறது, இது என்ன கறை என்று கேட்டிருந்தார். அவளும் இவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் எதிர்க் கட்டடத்து விளம்பரப் பலகையின் சிவப்பு வெளிச்சம் என்று தெரிந்தது. அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு நிற்கக் காரணம் காலர் பதிவு. சட்டைக் காலரின் வியர்வை மஞ்சளைப் பற்றி ஒரு மாதம் உழைத்து எழுதினாள். என் சட்டைகள் பாதி காலி. அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்கே தெரிந்தது. படித்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான் ஒருவன், இரண்டு முறை திறந்தேன். அதே வாரம் வேறொரு தளத்தில் ‘எலுமிச்சையைத் தேய்த்தால் எந்தக் கறையும் பறந்துவிடும்’ என்று எவனோ எழுதியதை லட்சம் பேர் படித்திருந்தார்கள்.

“எலுமிச்சையால காலர் மஞ்சள் போகாதுங்க. நான் தேய்ச்சுப் பார்த்திருக்கேன். இன்னும் பழுப்பாத்தான் ஆகும்” என்றவள், துணி மடித்துக்கொண்டிருந்தபடியே அழுதுவிட்டாள். எனக்கு அந்த எலுமிச்சைக்காரனைக் காரேற்றிக் கொல்ல வேண்டும் போல் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தான் என் மைத்துனன். இணையதளங்களைத் தூக்கி நிறுத்துவது அவனுடைய வேலை. அக்காவின் வலைப்பூவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“அக்கா, நீ கறையை வச்சு நாவல் எழுதுற. ஜனங்களுக்கு அஞ்சு வழி வேணும், பத்து டிப்ஸ் வேணும். தினமும் ஒண்ணு போடணும்.”

“தினமும் எப்படிடா? செஞ்சு பார்க்கவே நாலு நாள் ஆகுமே.”

“யார் செஞ்சு பார்க்கச் சொன்னா? எல்லாம் வெளிய கெடக்கு. எடுத்துக்கோ. எடுத்த மாதிரி தெரியக் கூடாது, அவ்வளவுதான். காப்பின்னு தெரிஞ்சா தேடல்ல உன்னைக் கீழ தள்ளிடுவாங்க.”

அதற்கு ஒரு மீட்டரையும் மாட்டிக் கொடுத்தான். பதிவை எழுதிப் போட்டால் எத்தனை சதவீதம் சொந்தச் சரக்கு என்று அது சொல்லும். வேறு எங்காவது இருக்கிற வரியைச் சிவப்பாகக் காட்டும். வரியைப் புரட்டிப் போட்டு, வார்த்தையை மாற்றி, சிவப்பு பெரும்பாலும் போய் மீட்டர் பச்சைக்கு வந்தால்தான் வெளியிடும் பொத்தானே வேலை செய்யும்.

அவளும் பழகிக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போதே கட்டை விரலால் வரிகளை முன்னும் பின்னும் நகர்த்துவாள். கூட்டம் வந்தது. ஆயிரம், பத்தாயிரம் என்று ஏறியது. ஹோட்டலில் மேனேஜர் வந்து கை கொடுத்தாராம். பால்கனிக் கொடியில் ஒரு துண்டுத் துணி கிடையாது. என் சட்டைகள் அலமாரியில் நிம்மதியாகத் தொங்கின. பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பழைய வாசகர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். மூணாம் மாடி மட்டும் போகவில்லை.

அன்று மதியம் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல் பிடித்திருந்தார். மனைவியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள். எடுத்தேன்.

“என்னங்க, உடனே வாங்க. நான் ஒருத்தரைக் கொன்னுட்டேன்னு நினைக்கிறேன்.”

ஆடிட்டரின் கால் எங்கே இருந்ததோ தெரியாது, என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தேன். “சார், மன்னிக்கணும், இன்னிக்கு இதோட போதும்” என்று அவரை நடைபாதையில் இறக்கிவிட்டேன். உயிர் பிழைத்த மாதிரி இறங்கினார்.

ஹோட்டலின் பின்வாசலில் நீல ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் ஓட்டுவதா, படிப்பதா? “வாயால சொல்லு” என்று கத்தினேன்.

முதல் நாள் அவள் போட்டிருந்த பதிவு, குளியலறைத் தரையில் துருவும் கருப்புப் பூஞ்சையும் சேர்ந்து பிடித்த கறையைப் பற்றியது. எங்கிருந்தோ எடுத்தது. அசல் கட்டுரையில் சரியாகத்தான் இருந்தது: துருவுக்கு டாய்லெட் ஆசிட் போட்டுத் தேய், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, ஒரு நாள் விடு, மறுநாள் பூஞ்சைக்கு பிளீச் போடு, இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதே, சேர்ந்தால் விஷவாயு வரும்.

“கடைசி ரெண்டு வரியும் சிவப்புலயே இருந்துதுங்க. எப்படி மாத்தினாலும் போகல. எல்லார் தளத்துலயும் அதே வரி இருக்கு.”

இருக்கத்தானே செய்யும்? ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்க்காதே என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? உண்மை என்பதால் எல்லாரும் சொல்கிறார்கள்.

“அதனால?”

“எடுத்துட்டேன்.”

ஹோட்டலில் அந்த இரண்டு டிரம்களையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி இருப்பது இவளிடம். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாள் இவள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான். ஆனால் அன்று பஸ்ஸில் அவள் வார்த்தைகளைப் படிக்கவில்லை, நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். எச்சரிக்கையோடு, கழுவச் சொன்னதும் ஒரு நாள் விடச் சொன்னதும் போனபின், மீட்டர் பச்சைக்கு வந்திருக்கிறது. நூற்றுக்கு நூறு சொந்தச் சரக்கு. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: ஆசிட் ஊற்றித் தேய்க்கவும், அதன்மேல் பிளீச் ஊற்றி ஊறவிடவும்.

“மூணாம் மாடி இப்போதான் எழுதியிருக்காருங்க.” படித்தாள். “‘இன்னிக்கு லீவு. ரெண்டும் வாங்கி வச்சாச்சு. பாத்ரூம் ஜன்னல் துருப்பிடிச்சுத் திறக்காது, பரவாயில்ல. பூனை உள்ள வராம கதவைச் சாத்திட்டு ஆரம்பிக்கறேன். ரிப்போர்ட் அப்புறம்.’”

“பதில் போட்டியா?”

“எத்தனை வாட்டி போடறது! வேண்டாம், வெளிய வாங்கன்னு போட்டுட்டே இருக்கேன். பார்க்கவே இல்ல. மெயில் போட்டேன், திரும்பி வந்துடுச்சு.”

நான் வாயைத் திறந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து பதில் மேல் பதிலாகத் தட்டிக்கொண்டிருந்தவளிடம் அதையெல்லாம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் விலாசம் கேட்பார்கள். என்னவென்று சொல்வது? மூணாம் மாடி என்று ஒருத்தர், பூனை வளர்க்கிறார் என்றா?

“அவர் எழுதின பழசையெல்லாம் எடு. வீட்டைப் பத்தி எது இருந்தாலும் சொல்லு.”

அவளுக்கு எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தனையும் மனப்பாடமாக இருந்தது.

“திரைச்சீலையில டீசல் புகை படியும். ஜன்னல் பக்கம் பஸ் திரும்புமாம்.”

“டிப்போ பக்கம். ஊர்ல டிப்போ மூணு இருக்கு. அப்புறம்?”

“தண்ணி துருவா வரும். பழைய டேங்க். லிஃப்ட் கிடையாது, மூட்டை தூக்கிட்டு ஏறினேன்னு எழுதியிருக்காரு.”

“பழைய கட்டடம். அப்புறம்?”

“அந்தச் சிவப்பு லைட்டுங்க!”

எனக்குப் பொறி தட்டியது. இந்த ஊரில் என் சக்கரம் படாத தெரு கிடையாது. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்குவதற்கு நான் மாணவர்களைக் கூட்டிப்போகிற இடம் பழைய டிப்போவின் பின்பக்கச் சரிவு. சாயங்கால வகுப்பில் அங்கே ஒரு டயர் கடையின் பலகை எரியும். அந்தத் தெருவில் மாணவர்களின் முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரியும். பயத்தில்தான் அப்படி ஆகிறார்கள் என்று கேலி செய்திருக்கிறேன். வண்டியைத் திருப்பினேன்.

என் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் தப்பு செய்தால் நான் மிதிப்பதற்கு. அன்று அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். நான் வேகம் எடுக்கும்போதெல்லாம் அவள் கால் தன்னையறியாமல் அதை மிதித்தது. குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்தால் மிதித்தாள், வராவிட்டாலும் மிதித்தாள்.

“காலை எடு!”

“எடுத்துட்டேங்க!” என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள். கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை இருந்ததால் பின்னால் வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு பஸ் மட்டும் ஹாரனை அழுத்திக்கொண்டே உரசிப்போனது. பஸ்காரர்களுக்கும் எனக்கும் பரம்பரைப் பகை. ஜன்னல் வழியாக நன்றாகத் திட்டினேன்.

“அந்தப் பதிவை எடுத்துட்டியா?”

“முதல் வேலையா எடுத்தேன்.”

“எடுத்தா எப்படி? நேத்துலேருந்து எத்தனை பேர் படிச்சிருப்பாங்க? வாங்கி வச்சிருக்கறவன் இன்னிக்குச் செய்வான். சேர்க்காதேன்னு போடு.”

அதையும் தட்டினாள். ‘ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். விஷவாயு வரும்.’ வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் வண்டி ஆடிப்போனது.

“விட மாட்டேங்குதுங்க! சிவப்பாவே காட்டுது! சொந்தச் சரக்கு பூஜ்யம் சதவீதம்னு சொல்லுது!”

மைத்துனனுக்கு போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மீட்டரை உடனே கழற்று என்றாள். அவன் நிதானமாகக் கேட்டான்.

“ஏன்க்கா? அந்தப் பதிவுதான் உச்சத்துல ஓடிட்டிருந்துது. திடீர்னு காணோமேன்னு பார்த்துட்டே இருக்கேன்.”

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“சரி, பதறாத. சத்தமில்லாம எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். நீயா தப்புன்னு போட்டா நாளைக்குக் கேஸ் அது இதுன்னு வரும். வளர்ந்துட்டு இருக்கற நேரம்க்கா.”

“மாப்ள” என்றேன் நான், “போனை வச்சுட்டு மீட்டரைக் கழட்டு. இல்லேன்னா நான் நேர்ல வந்து உன்னைக் கழட்டுவேன்.”

“நான் வெளிய இருக்கேன் மாமா. ஆபீஸ் போனாத்தான் முடியும்.”

அவள் போனைத் துண்டித்தாள். திரையை வெறித்துப் பார்த்தாள். பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். இந்த முறை வரிகளை நகர்த்தவில்லை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

“‘நேற்று நான் போட்டது தப்பு. நான் செய்து பார்க்கவில்லை. என் வீட்டுக் கொடியில் அந்தத் துணி தொங்கவில்லை. ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். மூணாம் மாடி, பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். கதவைத் திறந்து வையுங்கள். பூனையையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்குங்கள்.’”

பொத்தானை அழுத்தினாள். எச்சரிக்கை வரி மட்டும் சிவப்பாகவே நின்றது. மீதியைப் போல் உலகத்தில் வேறு யாரும் எழுதியிருக்கவில்லை. மீட்டர் பச்சைக்கு வந்து, பதிவு போய்விட்டது.

டயர் கடைக்கு எதிரே வண்டியை ஏறுக்குமாறாக நிறுத்திவிட்டு ஓடினோம். பழைய கட்டடம்தான். அவள் எனக்கு முன்னால் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூன்றாவது மாடியில் நாலு கதவு. எந்தக் கதவு? நான் முதல் கதவைத் தட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருங்க. சத்தம் போடாதீங்க.”

கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது. சோற்றுக்குக் கத்துகிற கத்தல் இல்லை அது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தையல்காரர் கையில் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தார். “உள்ள ஆள் இருக்காரா?” என்றேன். “காலையில பார்த்தேனே” என்றார். அவரிடம் விலாசம் கேட்டு அவள் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல, நாங்கள் இருவரும் கதவை மோதினோம். தையல்காரர் பார்க்க ஒடிசல். ஆனால் மூன்றாவது மோதலில் தாழ்ப்பாளைப் பெயர்த்தது அவர் தோள்தான்.

கதவு திறந்ததும் பூனை என் காலுக்கிடையே பாய்ந்து படியில் இறங்கியது. கண்ணில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரிந்தது. “மூச்சை இழுக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே அவள் முன்னறை ஜன்னல்களைத் திறந்தாள். கொடியில் கிடந்த துண்டை நனைத்து என் முகத்தில் கட்டினாள். “உள்ள போனதும் இழுத்துட்டு வெளிய வந்துடணும். நின்னு பார்க்கக் கூடாது. முடியலன்னா விட்டுட்டு வந்துடுங்க” என்றாள். அப்படிச் சொல்லும்போதே என் சட்டையைப் பிடித்திருந்த கையை அவளால் எடுக்க முடியவில்லை. நான்தான் விலக்கிவிட்டேன்.

குளியலறைக் கதவு பாதி திறந்து முட்டிக்கொண்டது. உள்ளே யாரோ அதன்மேல் விழுந்து கிடந்தார்கள். தோளால் தள்ளினேன். இடைவெளியில் ஒரு கை தெரிந்தது. என் தொடை பருமன் இருந்தது. இத்தனை நாளாக மூணாம் மாடி என்றால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான பெரியவர் என்று நான் நினைத்திருந்தேன். அது மலை மாதிரி ஒரு ஆள். ஒரு காலைப் பிடித்து நானும் மறு காலைப் பிடித்துத் தையல்காரரும் இழுத்தோம். நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. வெளியே வந்து, மூச்சை வாங்கிக்கொண்டு, மறுபடி போய் இழுத்தோம். வீட்டு வாசலுக்கு வெளியே வந்ததும் அந்த ஆள் இருமினார். அந்த இருமலைப் போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவள் அவர் தலையை மடியில் வைத்து ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள். “மூணாம் மாடி, நான்தாங்க, போகாத கறை. மூச்சு விடுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு நேரமாக இருந்தால் தையல்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கும்போதுதான் திறந்த கதவு வழியாக அந்தச் சட்டையைப் பார்த்தேன். கொடியில் ஹேங்கரில் தொங்கியது. பஸ் டிரைவர் யூனிஃபார்ம், தோளில் டிப்போ எண்ணோடு. என் பரம்பரை விரோதி. காலரைப் பார்த்தேன். நாளெல்லாம் எஞ்சின் சூட்டில் வியர்க்கிறவனின் காலர், கடையிலிருந்து வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அந்தக் காலர் பதிவைப் படித்த ஒன்பது பேரில் இவரும் ஒருவர். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முழுதும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என்ன ஆச்சு, எதைக் கலந்தார், ஏன் கலந்தார் என்று கேட்டார். “நான் சொல்லித்தான் டாக்டர்” என்றாள் அவள். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அவள் போன் மடியில் துள்ளிக்கொண்டே இருந்தது. ஓடும் காரிலிருந்து அவள் போட்ட பதிவு எங்கெங்கோ பரவிவிட்டது. வாங்கி வைத்துவிட்டோம், நல்லவேளை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கொலைகாரி என்றும் எழுதியிருந்தார்கள். மைத்துனன், ‘அக்கா, இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் பெரிய கூட்டம்’ என்று செய்தி அனுப்பியிருந்தான். அவள் போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டாள்.

மறுநாள் மதியம், பேசலாம், ஆனால் கொஞ்சமாக என்று உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாயோடு கட்டிலை முழுக்க அடைத்துக்கொண்டு படுத்திருந்தார். குரல் சருகு மிதிபடுகிற மாதிரி வந்தது.

“பூனை?”

“தையல்காரர் பிடிச்சுக் கொடுத்தாரு, எங்க வீட்டுல இருக்கு” என்றேன். “என் சட்டை மேல படுத்திருக்கு.”

சிரிக்கப் பார்த்து இருமினார். பிறகு அவளைப் பார்த்தார். “மேடம், நீங்கதானா? நான் ரொம்பப் பெரியவங்கன்னு நினைச்சேன்.”

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாளிலிருந்து மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாளோ, அதை ஒரே மூச்சில் சொன்னாள்.

“அது நான் எழுதினது இல்லைங்க. வேற இடத்துலேருந்து எடுத்தது. எடுத்த மாதிரி தெரியக் கூடாதுன்னு வரியை மாத்தினேன். அப்போ முக்கியமானது போயிடுச்சு. நான் செஞ்சு பார்க்கல. உங்களுக்கு நான் பண்ணினது பெரிய பாவம்.”

திட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

“துணிப் படம் இல்லையேன்னு பார்த்தேன் மேடம்” என்றார் மெதுவாக. “எப்பவும் போடுவீங்களே. கொஞ்ச நாளாவே இல்ல. வேலை ஜாஸ்தி போலன்னு நினைச்சுட்டேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆசிட் மேல பிளீச்சை ஊத்துன்னு வேற யார் எழுதியிருந்தாலும் ஒருவாட்டி யோசிச்சிருப்பேன். எங்க டிப்போவுல கழுவறவங்களே சொல்லுவாங்க, சேர்க்காதீங்கன்னு. ஊத்தும்போது அது ஞாபகம் வந்துச்சு.” மூச்சு வாங்கினார். “ஆனா நீங்க சொல்லியிருக்கீங்களே. அதனால ஊத்தினேன்.”

நர்ஸ் வந்து போதும் என்றாள். வெளியே வந்ததும் என் மனைவி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். மைத்துனனைக் கூப்பிட்டு மீட்டரைக் கழற்றச் சொன்னாள். கழற்றினால் கூட்டம் போய்விடும் என்றான். போகட்டும் என்றாள். எடுத்துப் போட்ட பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில் அவளே எழுதிய பழைய பதிவுகள் நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சின. நீக்கியவற்றில் எதெல்லாம் உண்மை, எதெல்லாம் பொய் என்று இனிமேல் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எழுத வேண்டும் என்றாள். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

“முதல்ல அந்த எலுமிச்சை. துணிப் படத்தோட போடணும்” என்றவள், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “வெள்ளைச் சட்டை ஏதாவது இருக்காங்க?”

அலமாரியைத் திறந்தேன். கிழிந்தது ஒன்று இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, இருந்ததிலேயே நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.